லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாற்றும்போது மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாக என்ன பார்க்க வேண்டும்

பழைய லேப்டாப்பை வேகப்படுத்த ஒரே ஒரு பாகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அந்தக் காசை எஸ்எஸ்டிக்கு (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக மாட்டும் வேகமான டிரைவ்) போடுங்கள் என்றுதான் சொல்வேன். நாகர்கோவிலில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறவன் நான். சொந்தமாக எஸ்எஸ்டி வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, புதுசே கம்ப்ளெயின்ட் போல" என்று கொண்டுவருகிறவர்கள் நிறைய. பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கும். கோளாறு அது உட்காரும் கனெக்டரிலோ, பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பிலோ, குளோன் (பழைய டிஸ்கின் முழு நகல்) எடுத்த விதத்திலோ இருக்கும். நம் மாவட்டத்தில் கனெக்டர் மேல் முதலில் சந்தேகப்படுங்கள். கொளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் உப்புக்காற்று. உள்ளே குலசேகரம், அருமனை பக்கம் ஈரம். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. உலோகத்துக்கு ஓய்வே கிடையாது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் ஒன்று மட்டும் மாறாது: புதியது ஒழுங்காக ஓடுகிறது என்று தெரியும்வரை பழைய டிஸ்கை அழிக்காதீர்கள்.

லேப்டாப் ஊர்கிறது. டிஸ்க்தான் காரணமா?

வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, ஆனால் படிக்கும் வேகமோ வினாடிக்கு ஓரிரு எம்பிதான் காட்டுகிறது என்றால், ஹார்ட் டிஸ்க்தான் இழுக்கிறது.

நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் டிஸ்க், ஒரே பெரிய ஃபைலைப் படிக்கும்போது வினாடிக்கு 100 எம்பி வரைகூடத் தரும். விண்டோஸ் தொடங்கும்போது கேட்பது அப்படி ஒரே ஃபைலை அல்ல. டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை. ஒவ்வொரு துண்டுக்கும் படிக்கும் கை நகர வேண்டும், தட்டு சுற்றி வரக் காத்திருக்க வேண்டும். மரத்துக்கு ஒரு தேங்காய் என்று ஏறி இறங்கினால் ஒரு நாளில் எத்தனை பறிக்க முடியும்? அந்தக் கதைதான். எஸ்எஸ்டியில் நகரும் கையே இல்லை, அதனால்தான் மாற்றியவுடன் அவ்வளவு வித்தியாசம் தெரிகிறது.

டிஸ்கோடு மெமரியும் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா? உங்களிடம் 4 ஜிபி ரேம்தான் இருக்கும். இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்கையே ரேம் மாதிரி பயன்படுத்துகிறது. எஸ்எஸ்டி போட்டால் நிலைமை மேலாகும், ஆனால் ரேமையும் 8 ஜிபி ஆக்கினால்தான் நிம்மதி. டிஸ்க் சும்மா இருக்க, சிபியு மட்டும் 100 சதவீதம் என்றால் எஸ்எஸ்டி வாங்காதீர்கள். ஃபேனில் தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், பின்னணியில் ஓடும் ஏதாவது புரோகிராம் என்று அந்தப் பக்கம் தேடுங்கள்.

இன்னொன்று. 32 ஜிபி, 64 ஜிபி என்று விற்ற விலை குறைந்த லேப்டாப்களில் இருப்பது இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப். போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், கழற்ற முடியாது. சில மாடல்களில் எஸ்எஸ்டி செருக எம்.2 என்ற காலி ஸ்லாட் ஒன்று இருக்கும். கவரைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசை எடுங்கள்.

பழைய டிஸ்கில் டக் டக் என்று சத்தம்

உடனே ஆஃப் செய்யுங்கள். "ஸ்கேன் போட்டுப் பார்ப்போம்" என்று செக்டிஸ்க் ஓட்டாதீர்கள்; சாகக் கிடக்கும் டிஸ்கை அது இன்னும் வேலை வாங்கும். அடுத்த முறை ஆன் செய்வது முக்கியமான ஃபைல்களை எடுப்பதற்காக மட்டுமே இருக்கட்டும்: கல்யாண போட்டோ, சான்றிதழ் ஸ்கேன், கணக்கு ஃபைல் என்ற வரிசையில். விண்டோஸ் எங்கே போகப் போகிறது, புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். ஒரு ஃபைலும் திறக்கவில்லை என்றால் டேட்டா ரெகவரி செய்கிறவர்களிடம் கொடுப்பது தவிர வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை.

சத்தம் இல்லாவிட்டாலும், குளோன் எடுக்கும் முன் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் உடல்நிலையைப் பாருங்கள். 05 என்ற வரி ஏற்கெனவே ஒதுக்கிவைத்த கெட்ட செக்டர்கள். சி5 என்ற வரி, படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும் செக்டர்கள். சி5-இன் ரா மதிப்பு பூச்சியமாக இல்லை என்றால் முழு குளோன் வேண்டாம். ஃபைல்களை மட்டும் காப்பி செய்துவிட்டு, எஸ்எஸ்டியில் புதிதாக ஓஎஸ் போடுங்கள்.

வாங்கிய எஸ்எஸ்டி பொருந்தவில்லை

இரண்டரை அங்குல டிஸ்க் இருந்த இடத்தில் அதே சாட்டா இணைப்பு கொண்ட இரண்டரை அங்குல எஸ்எஸ்டி போகும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், புதியது 7 மில்லிமீட்டர் என்றால் லொடலொடவென்று ஆடும். பெட்டியில் ஒட்டுச் சட்டம் தந்திருந்தால் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பழைய டிஸ்கின் உலோக பிராக்கெட்டையே மாட்டுங்கள். ஆடவிட்டால் நாளடைவில் கனெக்டர் தளர்ந்துவிடும்.

குழப்பம் எல்லாம் எம்.2-வில்தான். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் பழைய சாட்டா இணைப்பும் வருகிறது, அதைவிட வேகமான என்விஎம்இ இணைப்பும் வருகிறது. தங்க முலாம் பூசிய ஓரத்தைப் பாருங்கள்: இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்துவிட்டதாலேயே வேலை செய்யும் என்று அர்த்தம் இல்லை. சாட்டாவை மட்டும் ஏற்கும் ஸ்லாட் உண்டு, என்விஎம்இ மட்டும் ஏற்பது உண்டு, இரண்டையும் ஏற்பதும் உண்டு. உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்ப்பதுதான் நிச்சயமான வழி. நீளத்தையும் கவனியுங்கள். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்று குட்டையானவையும் உண்டு.

பயாஸிலேயே எஸ்எஸ்டி தெரியவில்லை

ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போகலாம். சில கம்பெனிகளில் எஃப்10. அங்கே எஸ்எஸ்டியின் பெயரே இல்லையென்றால் விண்டோஸில் எதைச் செய்தும் பயன் இல்லை. இது கழற்றிப் பார்க்க வேண்டிய வேலை.

முதலில் முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுனைக் கிளிக் செய்தால்தான் விண்டோஸ் உண்மையிலேயே முழுதாக நிற்கும். சார்ஜரைக் கழற்றி, கவரைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரையும் கழற்றி, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் இருப்பதால் நிலைமின் ஆபத்து குறைவுதான். ஆனாலும் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தால், போர்டைத் தொடும் முன் ஏதாவது பெரிய உலோகத்தைத் தொட்டுவிடுங்கள்.

கவரைத் திறப்பதே சில வீடுகளில் பெரும்பாடு. கடலோரத்தில் இருக்கும் லேப்டாப்களில் அடிப்பக்க ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும். தலை ஏற்கெனவே தேய்ந்திருந்தால், அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை ஸ்க்ரூவின் மேல் விரித்து, அதன்மேல் டிரைவரை அழுத்தி மெதுவாகத் திருப்புங்கள்; பிடிமானம் கிடைக்கும். அதற்கும் அசையவில்லை என்றால் சால்டரிங் அயர்னின் நுனியை ஸ்க்ரூ தலையில் சில வினாடிகள் வைத்து எடுத்துவிட்டு, சூடு இருக்கும்போதே திருப்பினால் இளகிவிடும். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் உருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிஎச்0 அளவு டிரைவர் கையில் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். தலை தேய்வதே அளவு மாறிய டிரைவரால்தான்.

இனி கனெக்டர். எம்.2 என்றால் எஸ்எஸ்டியைச் சாய்வாக முழுதும் உள்ளே தள்ளி, அப்புறம் மறுமுனையைக் கீழே அமர்த்தி ஸ்க்ரூ போட வேண்டும். தங்கக் கோடுகள் வெளியே அதிகமாகத் தெரிந்தால் இன்னும் உள்ளே போகவில்லை. இரண்டரை அங்குலம் என்றால், பல மாடல்களில் போர்டிலிருந்து டிஸ்குக்கு ஒரு மெல்லிய பட்டை கேபிள் வரும். அந்த மடிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடிப்பில் விரிசலோ, கோடுகளின் ஓரத்தில் பச்சையாகக் களிம்போ தெரிந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார்.

சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். மொபைல் சர்வீஸ் பொருள் விற்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், வேண்டாம். மிருதுவான பல்துலக்கியை அதில் நனைத்து, கோடுகள் போகும் திசையிலேயே தேயுங்கள், குறுக்கே வேண்டாம். எஸ்எஸ்டியின் தங்க ஓரத்தை மட்டும் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்க்கலாம். ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். களிம்பு மறுபடி மறுபடி வருகிறது என்றால் கேபிளையே மாற்றிவிடுவது உத்தமம். எறும்பு கூடு கட்டியிருந்தாலும் இதே வைத்தியம்தான், முதலில் ஊதி வெளியேற்றிவிட்டு.

இத்தனைக்கும் பிறகும் தெரியவில்லையா? அதே எஸ்எஸ்டியை வேறொரு லேப்டாப்பிலோ யுஎஸ்பி கேஸிலோ போட்டுப் பாருங்கள். அங்கேயும் தெரியவில்லை என்றால்தான் எஸ்எஸ்டி பழுது. பில்லோடு கடைக்குப் போங்கள்.

பயாஸில் இருக்கிறது, விண்டோஸ் போடும்போது காணோம்

இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த லேப்டாப்களில் இது சகஜம். டிஸ்கைக் கையாளும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பு பயாஸில் ஆன் ஆகியிருக்கும், அதற்கான டிரைவர் விண்டோஸ் பென்டிரைவில் இருக்காது. தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான ஐஆர்எஸ்டி (இன்டெல் ஸ்டோரேஜ்) டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். டிஸ்க் தேர்ந்தெடுக்கும் திரையில் "லோட் டிரைவர்" கொடுத்து அதைக் காட்டினால் எஸ்எஸ்டி வந்து நிற்கும். விஎம்டியை பயாஸில் அணைத்தாலும் வரும். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் இருந்தால் திடீரென்று அணைக்காதீர்கள், நீலத்திரை வரும்.

ஓடும் விண்டோஸில் இரண்டாவது டிரைவாகப் போட்ட புது எஸ்எஸ்டி மை கம்ப்யூட்டரில் வரவில்லை என்றால், அது வெறும் தட்டு, இன்னும் பார்ட்டிஷன் போடவில்லை, அவ்வளவுதான். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் இனிஷியலைஸ் செய்யச் சொல்லிக் கேட்கும். ஜிபிடி (பார்ட்டிஷன் பிரிக்கும் புதிய முறை) தேர்ந்தெடுத்து, புது வால்யூம் போடுங்கள்.

குளோன் பாதியில் நிற்கிறது

கரண்டு போயிருக்கும், இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் போதும், பேட்டரி செத்த லேப்டாப் சார்ஜரை மட்டும் நம்பி ஓடிக்கொண்டிருந்தால் குளோன் அங்கேயே முடிந்தது. நல்ல வேளை, குளோன் எடுக்கும்போது பழைய டிஸ்கில் எதுவும் எழுதப்படாது. மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். யுபிஎஸ் இருந்தால் அதில் போடுங்கள். இடி மின்னல் நேரத்தில் தொடங்கவே வேண்டாம்.

கரண்டு பிரச்சினை இல்லாமலே நின்றால்: பழைய டிஸ்கில் கெட்ட செக்டர் இருக்கலாம், சி5 வரியைப் பாருங்கள். குளோன்ஸில்லா போன்ற லினக்ஸ் கருவி "பார்ட்டிஷன் சுத்தமாக மூடப்படவில்லை" என்று மறுத்தால், முன்பு சொன்ன ஷிஃப்ட் ஷட்டவுனைச் செய்துவிட்டு வாருங்கள். புதியது பழையதை விடச் சின்னது என்றால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை முன்கூட்டியே சுருக்கிவிடுங்கள்.

குளோன் முடிந்தது, பூட் ஆகவில்லை

திரையில் வரும் வாசகத்தை அப்படியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

"நோ பூட்டபிள் டிவைஸ்" என்றால், பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருந்து, பயாஸ் யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் மட்டும் தேடுகிறது என்று பொருள் இருக்கலாம். லெகசி அல்லது சிஎஸ்எம் என்று தேர்வு இருந்தால் அதை ஆன் செய்து பாருங்கள். பூட் ஆகிவிட்டால், விண்டோஸ் 10-இல் 2017 முதல் கூடவே வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் அழிக்காமலே ஜிபிடிக்கு மாற்றிக்கொள்ளலாம். சி டிரைவை மட்டும் குளோன் செய்து, அதற்கு முன்னால் இருக்கும் குட்டி பூட் பார்ட்டிஷனை விட்டுவிட்டாலும் இதே வாசகம்தான் வரும். எப்போதும் முழு டிஸ்கையும் எடுங்கள்.

நீலத்திரையில் "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்றால், சாட்டா மோட் மாறியிருக்கிறது, அல்லது சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போனதில் டிரைவர் தயாராகவில்லை. பயாஸில் மோடைப் பழையபடி வைத்து பூட் செய்யுங்கள், எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள், ரீஸ்டார்ட்டில் பயாஸுக்குப் போய் ஏஎச்சிஐ ஆக மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை ஏறிவிட்டால் டிரைவர் தானாக அமர்ந்துவிடும். அப்புறம் டிக்கை எடுத்துவிடலாம்.

பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க எண்ணைக் கேட்டால் பதற வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்த பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். வேறு போனில் அந்தக் கணக்கைத் திறந்தால் ரெகவரி கீ இருக்கும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் குளோனுக்கு முன்பே பிட்லாக்கரை அணைத்துவிடுங்கள்.

கறுப்புத் திரையில் "கிரப் ரெஸ்க்யூ" என்று நின்றால், எனக்கு உடனே ஞாபகம் வருவது 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகள். விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தவை. இன்றும் பல வீடுகளில் பரணில் இருக்கின்றன, எஸ்எஸ்டி போட்டால் எழுத்து வேலைக்கும் பாடம் பார்க்கவும் தாராளமாக ஓடும். அதில் விண்டோஸ் பார்ட்டிஷனை மட்டும் குளோன் எடுத்தால், எந்த ஓஎஸ் ஏற வேண்டும் என்று கேட்கும் கிரப் என்ற பூட் புரோகிராமின் மீதிப் பகுதி, லினக்ஸ் பார்ட்டிஷனில் இருப்பது, காணாமல் போய்விடும். விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, ரிப்பேரில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் தேர்வோடு ஓட்டினால் விண்டோஸ் நேராக ஏறும்.

முதல் பூட்டின்போது பழைய டிஸ்கைக் கழற்றி வைத்திருங்கள். ஒரே அடையாள எண்ணோடு இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும்.

ஓடுகிறது, ஆனால் எதிர்பார்த்த வேகம் இல்லை

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் டிரான்ஸ்ஃபர் மோட் வரியைப் பாருங்கள். இடப்பக்கம் இப்போது ஓடும் வேகம், வலப்பக்கம் எஸ்எஸ்டியால் முடிந்த வேகம். 600, 600 என்றால் வினாடிக்கு 550 எம்பி வரை வரும். இடப்பக்கம் 300 என்றால் லேப்டாப்பின் போர்ட்டே பழைய தலைமுறையாக இருக்கலாம், அதனால் அன்றாட வேலையில் பெரிய குறை தெரியாது. போர்ட் 600 தரக்கூடியது என்று தெரிந்தும் 300 காட்டினால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

பெரிய ஃபைல் காப்பி வேகமாகத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் 100 எம்பிக்கும் கீழே விழுகிறதா? விலை குறைந்த எஸ்எஸ்டிகளில் இது இயல்பு. கேஷ் என்ற வேகமான தற்காலிக இடம் நிரம்பியதும் எஸ்எஸ்டியின் உண்மையான எழுதும் வேகம் வெளியே வரும். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பிவிட்டால் இன்னும் மோசமாகும், இடம் விட்டு வையுங்கள். என்விஎம்இ என்றால் சூட்டையும் பாருங்கள். சித்திரை மாதம் மெத்தைமேல் வைத்து ஓட்டினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கேடி (டிஸ்கைத் தாங்கும் சட்டம்) போட்டு இரண்டு டிஸ்கும் வைத்திருப்பவர்கள், எஸ்எஸ்டியை மெயின் இடத்திலும் பழைய டிஸ்கைக் கேடியிலும் வையுங்கள். விண்டோஸ் எஸ்எஸ்டியிலிருந்துதான் ஏறுகிறதா என்றும் பாருங்கள். பூட் வரிசையில் பழையது முதலில் இருந்தால் எல்லாம் பழைய வேகம்தான்.

நன்றாக ஓடும்போதே திடீரென்று உறைகிறது

கொளச்சலில் இருந்து ஒரு கல்லூரி மாணவர் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். புது எஸ்எஸ்டி, புது விண்டோஸ். ஆனாலும் மவுஸ் மட்டும் நகரும், மற்றதெல்லாம் அரை நிமிடம் நிற்கும். வேறு எஸ்எஸ்டி வாங்கச் சொல்லிவிட்டார்களாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் சி7 வரியைப் பார்த்தேன். அது சிஆர்சி பிழைகளின் எண்ணிக்கை: போர்டுக்கும் டிரைவுக்கும் நடுவே பாதையில் சிதைந்துபோன தரவு. ஒரு பெரிய ஃபோல்டரைக் காப்பி செய்யவிட்டு, மறுபடி பார்த்தால் எண் ஏறியிருந்தது. எஸ்எஸ்டியின் மற்ற வரிகள் எல்லாம் சுத்தம். பட்டை கேபிளைக் கழற்றினால் ஒரு முனையில் பச்சைக் களிம்பு. கேபிளை மாற்றியதும் எண் அப்படியே நின்றுவிட்டது, உறைவதும் நின்றது. சி7 குறையாது, பழைய எண் அப்படியேதான் இருக்கும். அது ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. என்விஎம்இயில் இந்த வரி கிடையாது. அதில் உறைந்தால் தயாரிப்பாளரின் கருவியில் ஃபர்ம்வேரை (டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பித்துப் பாருங்கள்.

கொள்ளளவு குறைகிறது

500 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 465 என்று காட்டும், 1 டிபி என்றால் 931. ஏமாற்று வேலை இல்லை, தயாரிப்பாளரும் விண்டோஸும் எண்ணும் முறை வேறு. நம்ப முடியாத விலைக்குப் பல டிபி கிடைத்திருந்தால் மட்டும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளை ஓட்டி, எழுதியது எல்லாம் திரும்பி வருகிறதா என்று சோதியுங்கள். பழையதை விடப் பெரிய எஸ்எஸ்டியில் குளோன் எடுத்த பிறகும் பழைய அளவே காட்டினால், மீதி இடம் ஒதுக்கப்படாமல் கிடக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எக்ஸ்டெண்ட் கொடுங்கள்.

பழைய டிஸ்க்

ஒரு மாதம் புதியது தொந்தரவு இல்லாமல் ஓடட்டும். 05, சி5 இரண்டும் பூச்சியமாக இருந்தால் பழையதை யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஈரம் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு. யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் குயிக் ஃபார்மட் போதாது, அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போடுங்கள். மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும். கெட்ட செக்டர் இருந்தால் பேக்கப்புக்கு நம்பாதீர்கள். அதைப் பழைய இரும்புக் கடையில் போடும் முன் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் தட்டுகளைச் சேதப்படுத்திவிடுங்கள். சில மாடல்களில் அவை கண்ணாடியால் ஆனவை, தெறிக்கும். சாக்கில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.